வாங்கின விலை வரட்டும்!

பங்குச் சந்தை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ‘எந்த ஷேர் வாங்கலாம்’ என்ற வழக்கமான கேள்வி குறைவு. வாங்கியதை விற்க மனம் வரவில்லை, எல்லாரும் வாங்கும்போது சும்மா இருக்க முடியவில்லை என்பவைதான் அதிகம். ஆகவே இந்த இதழில் அவை மட்டும். கம்பெனிப் பெயரைச் சொல்லி ‘வைக்கலாமா, விற்கலாமா’ என்று கேட்டவர்களுக்குத் தனிப் பரிந்துரை இங்கே தர இயலாது. முடிவெடுக்கும் முறையைச் சொல்லியிருக்கிறோம்.

320 ரூபாய்க்கு 200 ஷேர் வாங்கினேன். 240-க்கு வந்தபோது இன்னொரு 200, 180-க்கு வந்தபோது 300 என்று ஆவரேஜ் செய்தேன். இப்போது 140. என் ஆவரேஜ் 237 என்று ஆப் காட்டுகிறது. லாபமே வேண்டாம் சார், வாங்கின விலை வந்தால் வெளியே வந்துவிடுவேன். காத்திருக்கலாமா?
— வாசகர், மஞ்சக்குப்பம்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 700 ஷேருக்கு நீங்கள் போட்டது 1,66,000 ரூபாய். இன்றைய மதிப்பு 98,000. நஷ்டம் 68,000. முதல் 200 ஷேரோடு நிறுத்தியிருந்தால் நஷ்டம் 36,000-தான். ஆவரேஜ் 320-லிருந்து 237-க்கு இறங்கியது பார்க்க இதமாக இருக்கும். அந்த இதத்துக்குக் கூடுதலாக 32,000 ரூபாய் போயிருக்கிறது. இனி 140 திரும்ப 237 ஆக வேண்டுமென்றால் ஷேர் 69 சதவீதம் ஏற வேண்டும்.

‘வாங்கின விலை’ என்ற எண் உங்கள் கான்ட்ராக்ட் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. அது கம்பெனிக்கும் தெரியாது, நாளைக்கு அந்த ஷேரை வாங்கப்போகிறவருக்கும் தெரியாது. அந்த எண்ணை நோக்கி ஷேர் நடந்து வர ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க முதலீட்டாளர்கள் இதே எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறார்கள். அமெரிக்காவில் ஒரு புரோக்கரின் 10,000 கணக்குகளை ஆராய்ந்து டெரன்ஸ் ஓடீன் 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். லாபத்தில் இருந்த ஷேர்களில் 14.8 சதவீதத்தை விற்றவர்கள், நஷ்டத்தில் இருந்தவற்றில் 9.8 சதவீதத்தைத்தான் விற்றிருந்தார்கள். அடுத்த ஓராண்டில், அவர்கள் விற்ற லாப ஷேர்கள் கையில் வைத்திருந்த நஷ்ட ஷேர்களைவிட நன்றாகவே ஓடின. நல்லதை விற்றுக் கெட்டதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். விற்காதவரை நஷ்டம் ‘பேப்பரில்தான்’ என்று மனம் ஆறுதல் சொல்லும். விற்றால் தவறு உறுதியாகிவிடும். காத்திருப்பதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் யெஸ் பேங்க். 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்த ஷேர் அது. விலை இறங்க இறங்க, ‘இவ்வளவு பெரிய பேங்க் எங்கே போய்விடும்’ என்று 200-க்கும் 100-க்கும் 50-க்கும் வாங்கிக்கொண்டே போனவர்கள் சிறு முதலீட்டாளர்கள்தான். 2020 மார்ச் 5-ல், ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டதன் பேரில், வைப்பாளர்கள் பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. மறுநாள் ஷேர் நடுவில் ஒற்றை இலக்கத்துக்குப் போய்வந்தது. பிறகு வந்த சீரமைப்புத் திட்டத்தில், 100 ஷேரோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களின் கையிருப்பில் 75 சதவீதம் மூன்றாண்டுகளுக்குப் பூட்டப்பட்டது. ஆவரேஜ் செய்தவர்கள் மனம் மாறினாலும் விற்க முடியாமல் போயிற்று.

உங்கள் 700 ஷேரை இப்படி அணுகுங்கள். ஆப்பில் லாப நஷ்டப் பக்கத்தைத் திறக்காமல், ஒரு வெள்ளைத்தாளில் அந்த ஷேரை வாங்கிய காரணத்தை விலை சொல்லாமல் எழுதுங்கள். பிறகு எக்ஸ்சேஞ்ச் தளத்தில் அந்தக் கம்பெனியின் பக்கத்துக்குப் போய்க் கடைசி நாலு காலாண்டுகளைப் பாருங்கள். லாபம் காட்டுகிறார்கள், ஆனால் வியாபாரத்திலிருந்து ரொக்கம் உள்ளே வரவில்லையா? புரமோட்டர் (கம்பெனியை நடத்தும் முதலாளி தரப்பு) தன் பங்கை அடகு வைப்பது கூடிக்கொண்டே போகிறதா? ஆடிட்டர் காலம் முடியுமுன் விலகினாரா? கம்பெனியின் கடன் தர மதிப்பீடு (கிரெடிட் ரேட்டிங்) இறங்கியதா? இதில் ஒன்று ‘ஆம்’ என்றாலே எழுதிய காரணம் ஆட்டம் கண்டுவிட்டது. இரண்டு என்றால் காரணம் செத்துவிட்டது. எல்லாமே ‘இல்லை’, துறை முழுக்கத்தான் இறங்கியிருக்கிறது என்றால் வைத்திருக்கலாம். அப்போதும் மேற்கொண்டு ஒரு ரூபாய் போட வேண்டாம்.

ஒரேயடியாக விற்கக் கை நடுங்கினால் பாதியை விற்றுவிட்டு ஒரு மாதம் கழித்து மீதியைப் பாருங்கள். இது கணக்கில் வராத யோசனை. ஆனால் நடைமுறையில் பலரை வெளியே கொண்டுவருவது இதுதான்.

இன்னொன்று, வரி. ஆப் காட்டும் 237 வருமான வரிக்குச் செல்லாது. டீமேட்டில் முதலில் வந்தது முதலில் போனதாகக் கணக்கு. இப்போது 200 ஷேர் விற்றால் 320-க்கு வாங்கிய அந்த 200 விற்றதாகத்தான் கொள்ளப்படும். நஷ்டம் ஷேருக்கு 180 ரூபாய். அவை வாங்கி 12 மாதம் தாண்டியிருந்தால் அது நீண்டகால நஷ்டம், நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். தாண்டாவிட்டால் குறுகியகால நஷ்டம், இரண்டிலும் கழிக்கலாம். மிச்சத்தை 8 ஆண்டுகள் கொண்டுபோகலாம், ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால்.

முந்திரி மண்டி வைத்திருக்கிறேன். விலை விழுந்தால் கைநஷ்டத்துக்கும் சரக்கைத் தள்ளிவிடுவேன், தூக்கம் கெடாது. அதே நான் ஷேரில் மூன்று வருடமாக ஒரு நஷ்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். ஏன் இப்படி?
— வாசகர், பண்ருட்டி

வந்த கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி. சரக்கை வைத்திருந்தால் என்ன செலவாகும் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. குடோன் வாடகை, வட்டி, பூச்சி, எடை குறைவு எல்லாம் தினம் ஞாபகப்படுத்தும். அடுத்த லோடு வாங்கப் பணமும் வேண்டும். ஷேர் புழுப்பதில்லை. டீமேட்டில் ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய், அவ்வளவே. வைத்திருப்பதற்குச் செலவே இல்லை என்று மனம் நம்பிவிடுகிறது. அங்கே மாட்டிக்கொண்ட பணம் வேறெங்கும் சம்பாதிக்க முடியாமல் போவதுதான் செலவு, அதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை.

இரண்டாவது காரணம் பழக்கம். கையில் வந்துவிட்ட பொருளுக்கு அதிக மதிப்புக் கொடுப்பது மனித இயல்பு என்று கானமன், தேலர் போன்ற ஆய்வாளர்கள் 1990-ல் காபிக் கோப்பைகளை வைத்துச் சோதித்துக் காட்டினார்கள். கோப்பை கையில் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். 2003-ல் ஜான் லிஸ்ட் என்ற பொருளாதாரப் பேராசிரியர், விளையாட்டு நினைவுப் பொருள்களை வாங்கி விற்கும் சந்தையில் இதைத் திரும்பச் சோதித்தார். புதியவர்களிடம் இருந்த இந்தப் பிடிப்பு, வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களிடம் வெகுவாகக் குறைந்திருந்தது. நீங்கள் முந்திரியில் வியாபாரி, ஷேரில் இன்னும் சேமித்து வைப்பவர். அதுதான் வித்தியாசம்.

மண்டிப் பழக்கத்தையே இங்கேயும் கொண்டுவாருங்கள். நஷ்ட ஷேரின் இன்றைய மதிப்பு 2 லட்சம் என்றால், வங்கி வைப்பு வட்டி 7 சதவீதம் என்று வைத்து ஆண்டுக்கு 14,000 ரூபாயை ‘குடோன் வாடகை’ என்று உங்கள் பேரேட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். இரண்டு பொங்கல் தாண்டாது, விற்றுவிடுவீர்கள்.

டவுன்ஷிப்பில் குடியிருக்கிறோம். வேலை செய்யும் கம்பெனியின் ஷேரைத்தான் பத்து வருடமாகச் சேர்த்து வருகிறேன். சேமிப்பில் முக்கால்வாசி அதில்தான். சோறு போடும் கம்பெனி, கைவிடாது என்று நம்பிக்கை. சரிதானே?
— வாசகர், நெய்வேலி

நம்பிக்கை சரியாக இருக்கலாம், ஒதுக்கீடு சரியில்லை. சம்பளம், குவார்ட்டர்ஸ், ஓய்வுக்காலப் பலன் எல்லாம் ஏற்கெனவே அந்த ஒரு கம்பெனியை நம்பித்தான். அதற்கு மேல் சேமிப்பும் என்றால், கம்பெனிக்கு ஒரு கெட்ட காலம் வந்தால் எல்லாம் ஒரே நாளில் அடிபடும். சொந்தக் கம்பெனி ஷேர் மொத்தச் சேமிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பூஜ்யமாக இருந்தாலும் விசுவாசத்துக்குப் பங்கமில்லை.

சுரங்கத்தை உள்ளிருந்து பார்ப்பவருக்கு ஷேரும் தெரியும் என்பது இன்னொரு மயக்கம். என்.எல்.சி. போன்ற நிறுவனத்தில் மின்சாரத்தின் விலையை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருப்பதால், பட்ஜெட்டுக்குப் பணம் வேண்டியபோது அரசும் ஷேர் விற்கும். 2024 மார்ச்சில் 7 சதவீதம் வரை விற்க முன்வந்தபோது அடிமட்ட விலையாக 212 ரூபாய் வைத்தார்கள். அது அப்போதைய சந்தை விலைக்குக் கீழே. ஷிஃப்டில் எத்தனை டன் வெட்டினோம் என்பது தெரிந்தவருக்கும் இதெல்லாம் முன்கூட்டித் தெரிய வாய்ப்பில்லை.

நிதி, கணக்குப் பிரிவில் இருந்தால் இன்னொரு கவனம். உள்தகவல் கிடைக்கக்கூடியவர்கள் என்று கம்பெனி வைத்திருக்கும் ‘குறிப்பிட்ட நபர்’ பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், காலாண்டு முடிந்த நாளிலிருந்து ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை வாங்கவோ விற்கவோ கூடாது. நெருங்கிய குடும்பத்தார் கணக்குக்கும் இது பொருந்தும்.

நெல்லிக்குப்பத்திலிருந்தும் இதே தொனியில் ஒரு கடிதம்: தாத்தா காலத்திலிருந்து கரும்பு போடுகிறோம், ஆகவே ஈ.ஐ.டி. பாரி ஷேரை விற்கவே மாட்டேன் என்கிறார். ஆலையின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில் இருப்பவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. கோரமண்டல் இன்டர்நேஷனல் என்ற உரக் கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கு ஈ.ஐ.டி. பாரியிடம் இருக்கிறது. ஷேர் விலையைத் தாங்குவதில் சர்க்கரையைவிட அந்தப் பங்குக்கே பெரிய கை. அவர் பாசம் வைத்திருப்பது ஆலை மேல், வைத்திருப்பது பெரும்பாலும் உர ஷேர்.

கணவர் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் ஒரு சின்ன கம்பெனி ஷேர் வாங்கியிருக்கிறார்கள். தினமும் 5 சதவீதம் அப்பர் சர்க்யூட். நாங்கள் ஆர்டர் போட்டும் கிடைக்கவில்லை. இத்தனை படித்தவர்கள் வாங்கும்போது தப்பாகவா இருக்கும்?
— வாசகி, லாஸ்பேட்டை

இத்தனை பேரில் எத்தனை பேர் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து பார்த்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள். முதல் ஆள் ஏதோ ஒரு தகவலை நம்பி வாங்கியிருப்பார். இரண்டாமவர் பாதித் தகவலும் பாதி அவரையும் நம்பி. மூன்றாமவர் ‘இரண்டு பேர் வாங்கியிருக்கிறார்கள்’ என்று. முப்பதாவது ஆள் வரும்போது 29 பேரின் தீர்ப்பு இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அங்கே இருப்பது முதல் இருவரின் தகவல் மட்டும்தான். அடுத்தவர் வாங்கியது நமக்குத் தெரிகிறது, ஏன் வாங்கினார் என்பது தெரிவதில்லை. படிப்பு இதில் காப்பாற்றாது.

இப்போது அப்பர் சர்க்யூட்டின் உள்வேலை. அன்றைய உச்ச வரம்பில் விலை நின்றுவிட்டால், வாங்க ஆயிரக்கணக்கான ஆர்டர், விற்க ஆளில்லை. எக்ஸ்சேஞ்சில் ஒரே விலைக்கு முதலில் வந்த ஆர்டருக்கே முதலில் ஷேர். உங்கள் ஆர்டர் வரிசையின் வாலில் நிற்கும். வால் வரைக்கும் ஷேர் வந்து சேர வேண்டுமென்றால் யாரோ மூட்டை மூட்டையாக விற்க வேண்டும். ஆக, உங்களுக்கு ஷேர் ‘கிடைக்கிற’ நாள்தான் பெரிய கை வெளியேறத் தொடங்குகிற நாளாக இருக்கும். ‘அப்பாடா, கிடைத்துவிட்டது’ என்று குரூப்பில் இனிப்புப் படம் போடுவதும் அன்றைக்குத்தான்.

மறுநாள் முதல் லோயர் சர்க்யூட். இங்கே விற்க வரிசை, வாங்க ஆளில்லை. தினம் 5 சதவீதமாகப் பத்து நாள் இறங்கினால் 100 ரூபாய் 59.87 ஆகிவிடும். ஸ்டாப் லாஸ் (இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டி வைக்கும் ஆர்டர்) போட்டிருந்தாலும் பயனில்லை. ஆர்டர் கிளம்பும், எதிரே வாங்குபவர் இருக்க மாட்டார். டிரேட் டு டிரேட் பிரிவுக்கு மாற்றப்பட்ட ஷேர் என்றால், வாங்கிய அன்றே விற்றுத் தப்பிக்கவும் முடியாது.

வாங்குமுன் பத்து நிமிடம் செலவழித்துச் சிலவற்றைப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் தளத்தில் அந்த ஷேர் ஏ.எஸ்.எம். அல்லது ஜி.எஸ்.எம். கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறதா? ‘விலை ஏன் ஏறுகிறது’ என்று எக்ஸ்சேஞ்ச் விளக்கம் கேட்டு, கம்பெனி ‘எங்களுக்குக் காரணம் தெரியாது’ என்று பதில் தந்திருக்கிறதா? ஒவ்வொரு காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் பங்குதாரர் விவரம் வெளியாக வேண்டும். கடைசி மூன்று காலாண்டில் புரமோட்டர் பங்கு குறைந்து, சிறு பங்குதாரர் எண்ணிக்கை சில நூறிலிருந்து பல ஆயிரமாகியிருந்தால், யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது அங்கேயே எழுதியிருக்கிறது. குரூப்பில் டிப்ஸ் கொடுப்பவருக்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு உண்டா? ஆராய்ச்சி ஆய்வாளர் என்றால் ஐ.என்.எச்., முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். அவர் தரும் எண்ணை நம்பாமல் செபி தளத்தில் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தவர் எண்ணைப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

கூட்டம் போகிற வழி எப்போதுமே தவறு என்று சொல்ல மாட்டோம். அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். நல்ல கம்பெனி ஷேரும் பலர் வாங்குவதால்தான் ஏறுகிறது, நடுவில் ஏறி நடுவில் இறங்கியவர்கள் காசு பார்த்திருக்கிறார்கள். ஆனால் இறங்க வழியுள்ள வண்டியில்தான் அப்படி ஏற வேண்டும். தினம் சில லட்சம் ரூபாய்க்குக்கூட வியாபாரம் நடக்காத ஷேரில் அந்த வழி இல்லை.

குரூப்பில் யாராவது ‘வி.ஐ.பி. கணக்கு’ என்று தனி ஆப் இறக்கச் சொன்னாலோ, ஒரு தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னாலோ அது ஷேர் வியாபாரமே இல்லை, வெறும் மோசடி. அனுப்பிவிட்டிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஐ.பி.ஓ.வில் கிரே மார்க்கெட் பிரீமியம் பார்த்து விண்ணப்பிக்கிறேன். நல்லது கிடைப்பதே இல்லை, கிடைப்பது எல்லாம் இறங்குகிறது. ராசியா?
— வாசகர், வில்லியனூர்

ராசி இல்லை, ஏற்பாடே அப்படி. எல்லாரும் விரும்பும் ஐ.பி.ஓ.வில் (கம்பெனியின் முதல் ஷேர் வெளியீடு) சிறு முதலீட்டாளருக்குக் குலுக்கலில் ஒரு லாட் (குறைந்தபட்சத் தொகுப்பு) கிடைத்தால் உண்டு. யாரும் சீண்டாததில் கேட்டது முழுக்கக் கிடைக்கும். விண்ணப்பித்த எல்லாவற்றையும் சராசரி பார்த்தால் லாபம் போலத் தெரியும். உங்கள் கைக்கு வந்ததை மட்டும் பார்த்தால் கெட்டவைதான் எடை கூடியிருக்கும்.

கிரே மார்க்கெட் என்பது எந்த ஒழுங்குமுறையும் இல்லாத இடம். அங்கே சொல்லும் பிரீமியம் சிலருக்குள் நடக்கும் பேரம். சில பேரைக் கொண்டே அதை ஏற்றிக் காட்டவும் முடியும்.

கூட்டம் பெரிதாக இருப்பதே உத்தரவாதமும் ஆகாது. 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் வெளியீட்டுக்கு எழுபது மடங்குக்கு மேல் விண்ணப்பம். அன்றைய பேச்சு நினைவிருக்கும்: டீமேட் கணக்கு இல்லாதவர்களெல்லாம் அதற்காகவே கணக்குத் தொடங்கினார்கள். 450 ரூபாய் விலை, சிறு முதலீட்டாளருக்கு 430. பிப்ரவரி 11-ல் பட்டியலான முதல் நாளே 372 ரூபாய் வாக்கில் முடிந்தது. 2021 நவம்பரில் பேடிஎம்மின் தாய்க் கம்பெனி 2,150 ரூபாய்க்கு வந்து, முதல் நாளிலேயே 27 சதவீதம் விழுந்தது. எல்லார் போனிலும் இருக்கிற ஆப் என்பதால் வாங்கினோம் என்றவர்கள் அதில் அதிகம். 2022 மே மாதம் எல்.ஐ.சி.யின் 949 ரூபாய் வெளியீடும் விலைக்குக் கீழேதான் பட்டியலானது. பாலிசி மேல் இருந்த நம்பிக்கையைப் பலர் ஷேருக்கும் எழுதி வைத்துவிட்டார்கள்.

விண்ணப்பிக்குமுன் ஆவணத்தில் ஒரே ஒரு பக்கத்தையாவது படியுங்கள்: வரும் பணம் எதற்கு என்ற பக்கம். புதிய ஆலைக்கா, கடன் அடைக்கவா, அல்லது பழைய முதலீட்டாளர் வெளியேறவா?

27 வயது. ஆப்ஷனில் 3 லட்சம் போய்விட்டது. விட்டதைப் பிடிக்க வீட்டில் நகையை வைத்து இன்னும் ஒரு லட்சம் எடுத்திருக்கிறேன். ஒரு நல்ல டிரேடு அமைந்தால் போதும்.
— வாசகர், முதலியார்பேட்டை

அந்த ஒரு லட்சத்தோடு நாளைக் காலையில் அடகுக் கடைக்குப் போய் நகையை மீட்டு வந்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் தனி ஆள் இல்லை. செபி 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2024-25 நிதியாண்டில் ஆப்ஷன், ஃப்யூச்சரில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேருக்கு நிகர நஷ்டம். மொத்த நஷ்டம் 1 லட்சத்து 5 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு முந்தைய மூன்றாண்டுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் 93 சதவீதம்.

ஷேரிலாவது காத்திருந்தால் திரும்பி வரும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆப்ஷன் என்பது குறிப்பிட்ட விலையில் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை, அதற்குக் கொடுக்கும் விலை பிரீமியம், அந்த உரிமைக்கு எக்ஸ்பைரி தேதி உண்டு. மார்க்கெட் நகராமல் சும்மா இருந்தாலே பிரீமியம் தினம் கரைகிறது, கடைசி நாளில் மணிக்கணக்கில் கரைகிறது. 80 ரூபாய்க்கு வாங்கியது 40 ஆனபோது இன்னொரு லாட் சேர்த்து ஆவரேஜ் செய்தால், கரைகிற பொருளை இரட்டிப்பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ‘பூஜ்யமானாலும் ஆகட்டும்’ என்று விடுகிற மனநிலையும் இங்கேதான் வரும். 40-ல் விற்றிருந்தால் அந்த 40 உங்களுடையது.

‘ஒரு நல்ல டிரேடு’ என்பதையும் எண்ணில் பார்ப்போம். இப்போது கையில் உள்ள முதல் ஒரு லட்சம். ஒரு டிரேடில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்பது பொதுவான கட்டுப்பாடு. அதாவது 1,000 ரூபாய். லாட்டுக்கு 75 யூனிட் என்று வைத்துக்கொண்டால், 20 புள்ளி ஸ்டாப் லாஸுக்கே ஒரு லாட்டில் 1,500 போய்விடும். அந்தக் கட்டுப்பாட்டின்படி ஒரே ஒரு லாட் வாங்கவே உங்கள் முதல் போதாது. 3 லட்சத்தை ஒரு லட்சத்திலிருந்து மீட்க 300 சதவீத லாபம் வேண்டும். அதற்காகப் பெரிய லாட் எடுப்பீர்கள், அதில்தான் மீதியும் போகும். நஷ்டமான அன்றே அடுத்த டிரேடு போடுவதுதான் கணக்கைக் காலி செய்வதில் முதலிடம்.

பல புரோக்கர் ஆப்களில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர், ஆப்ஷன்) பிரிவை நீங்களே முடக்கும் வசதி இருக்கிறது, ‘கில் ஸ்விட்ச்’ என்று பெயர். இன்றே போடுங்கள். தானாகத் திரும்பத் திறந்துகொள்ளும் வகை என்றால், பிரிவையே நிரந்தரமாக நீக்கக் கோரி வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள்.

போன 3 லட்சத்தில் கொஞ்சம் உபயோகமாகலாம். ஆப்ஷன் நஷ்டம் ஊக வியாபாரமல்லாத வியாபார நஷ்டம். சம்பளத்தில் கழிக்க முடியாது, ஆனால் 8 ஆண்டுகள் வரை பிற வியாபார லாபத்தில் கழிக்கலாம். அதற்கு ஐ.டி.ஆர்.-3 படிவத்தில் கெடுவுக்குள் காட்ட வேண்டும். சம்பளக்காரர்கள் பழக்கதோஷத்தில் ஐ.டி.ஆர்.-1 போட்டு இந்த உரிமையை இழக்கிறார்கள். நடந்ததை வீட்டில் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்திருக்கிற நஷ்டம்தான் அடுத்த டிரேடுக்குத் தள்ளும்.

மார்க்கெட் விழுந்தால் எங்கள் தெருவில் எல்லாரும் எஸ்.ஐ.பி.யை நிறுத்துகிறார்கள். நானும் நிறுத்தலாமா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

எஸ்.ஐ.பி.யில் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் அந்தப் பணம் எப்போது வேண்டும் என்பதைப் பொறுத்தது, தெருவைப் பொறுத்ததல்ல. 2020 ஜனவரியில் 12,400-ஐத் தொட்ட நிஃப்டி மார்ச் 23-ல் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610-ல் முடிந்தது. நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. இதைச் சொல்லி எல்லா வீழ்ச்சியும் எட்டு மாதத்தில் சரியாகும் என்று ஆசை காட்டுவார்கள். 2008 ஜனவரியில் 21,000 வரை போன சென்செக்ஸ் அதே இடத்துக்குத் திரும்ப 2010 நவம்பர் ஆனது. அது குறியீடு, அன்றைய கூட்டம் விரும்பி வாங்கிய பல தனி ஷேர்கள் இன்றுவரை திரும்பவில்லை.

எனவே மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் கல்யாணப் பணம், காலேஜ் பணம் எல்லாம் வீழ்ச்சி வருமுன்பே வைப்புநிதியில் இருக்க வேண்டும். பத்து வருடப் பணம் என்றால் விலை இறங்கியபோது அதே 5,000 ரூபாய்க்குக் கூடுதல் யூனிட் கிடைக்கிறது. நிறுத்த ஒன்றுமில்லை.

அப்பா வாங்கிய ஷேர் சர்ட்டிஃபிகேட்டுகள் பீரோவில் இருக்கின்றன. அவர் ஞாபகமாக அப்படியே வைத்திருக்கிறோம். விற்க மனசு வரவில்லை. விற்றுத்தான் ஆக வேண்டுமா?
— வாசகி, முத்தியால்பேட்டை

விற்க வேண்டாம். ஆனால் பீரோவில் அப்படியே வைத்திருக்கவும் கூடாது. தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்ட் வாங்கப்படாமல் கிடந்தால், டிவிடெண்டும் ஷேரும் சேர்ந்து அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். மீட்கலாம், ஐ.இ.பி.எஃப்.-5 படிவமும் பொறுமையும் வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் காகித ஷேரைப் பொதுவாகக் கைமாற்ற முடியாது. வாரிசு பெயருக்கு மாற்ற அனுமதி உண்டு. ஆகவே சர்ட்டிஃபிகேட்டில் இருக்கும் பதிவாளர் நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள், அது மாறியிருந்தால் கம்பெனியின் தளத்தில் இருக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசு ஆவணம், உங்கள் பான், டீமேட் விவரத்தோடு அவர்களுக்கு எழுதுங்கள். அப்பாவின் பெயர் சர்ட்டிஃபிகேட்டில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருப்பதுதான் வழக்கமாக இழுத்தடிக்கும் சிக்கல். நம் ஊர் இனிஷியல் பழக்கம் செய்யும் வேலை.

டீமேட்டுக்கு வந்த பிறகு ஞாபகத்துக்கென்று பத்து ஷேரை ஒதுக்கிவிட்டு மீதியை, இன்றைக்கு வாங்குவோமா என்ற கண்ணோடு பாருங்கள். விற்றால் அப்பா வாங்கிய விலையும் தேதியும்தான் கணக்கு. 2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கியது என்றால், பெரும்பாலும் அந்த நாளின் உச்ச விலையை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். நீண்டகால லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று பிரித்து விற்றால் இரண்டு நிதியாண்டின் சலுகையும் கிடைக்கும்.

ஸ்டாப் லாஸ் போட்டும் ஷேர் விற்கப்படவில்லை. விலை தாண்டிப் போய்விட்டது. என்ன கோளாறு?
— வாசகர், கடலூர் முதுநகர்

மூன்றில் ஒன்றாக இருக்கும். சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்று மாலை 3.30-க்குக் காலாவதியாகிவிடும், மறுநாள் திரும்பப் போட வேண்டும். அல்லது டிரிகர் (ஆர்டர் கிளம்பும் விலை) 130, லிமிட் (விற்கச் சம்மதிக்கும் குறைந்த விலை) 128 என்று போட்டிருப்பீர்கள், காலையில் 120-ல் திறந்திருக்கும். ஆர்டர் கிளம்பி 128-ல் வாங்க ஆளில்லாமல் நின்றிருக்கும். டிரிகருக்கும் லிமிட்டுக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள், 130-க்கு 118 என்பதுபோல. விற்கும்போது அந்த நேரத்து நல்ல விலைதான் கிடைக்கும் என்பதால் லிமிட் கீழே இருப்பதால் பயமில்லை.

பல நாள் நிற்க வேண்டுமென்றால் ஜி.டி.டி. ஆர்டர். பெரும்பாலான புரோக்கர்களிடம் ஓராண்டு செல்லும். போனஸ், ஸ்பிளிட் வந்தால் ரத்தாகிவிடக்கூடும், புதிதாகப் போட வேண்டும். மூன்றாவது கோளாறும் இங்கேதான்: டி.டி.பி.ஐ. (விற்ற ஷேரை டீமேட்டிலிருந்து எடுக்கப் புரோக்கருக்கு முன்கூட்டித் தரும் ஒப்புதல்) கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவர்கள் ஷேரை விற்க டி-பின் என்ற ரகசிய எண்ணைப் போட்டு அனுமதி தர வேண்டும். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது டிரிகர் ஆகி, அனுமதி இல்லாததால் ஆர்டர் நிராகரிக்கப்பட்டிருக்கும். புரோக்கர் கணக்கின் சுயவிவரப் பக்கத்தில் டி.டி.பி.ஐ. செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆதார் இ-சைன் மூலம் கொடுத்துவிடலாம். சில புரோக்கர்கள் காகிதத்தில் கேட்பார்கள், சிறு கட்டணமும் உண்டு.